வெள்ளைத் தட்டு மறையும் ஆழம்

ஜனவரி 9

கணக்குப்பிள்ளை மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கணினியைப் பார்த்துக்கொண்டே பசியை மறந்துவிடுகிறாயா? இப்படிக் கேட்டு எழுதச் சொன்னது உன் அக்கா. நானாகக் கேட்டிருந்தால் இவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்க மாட்டேன்.

நீ சொன்னபடி இந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்துவிட்டேன். காலை பத்து மணிக்கு ஏரியின் நடுவில், வரைபடத்தில் நீ பெருக்கல் குறி போட்ட இடத்தில் படகை நிறுத்தினேன். நிழல் விழும் பக்கமாக வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அது கண்ணுக்கு மறைந்த இடத்தில், பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கயிற்றில் போட்ட முடிச்சை எண்ணினேன். மேலே இழுக்கும்போது மறுபடி தெரிந்த இடத்தையும் எண்ணினேன். சராசரி இரண்டு மீட்டர் பத்து. பிறகு நீ அனுப்பிய ஐந்து நிறக் குழாய்களையும் ஏரித் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது குழாயோடு அச்சாக ஒத்துப்போனது. தண்ணீர்ப் புட்டியைக் கறுப்புத் தாளில் சுற்றிப் பார்சலில் வைத்திருக்கிறேன். புட்டி வாராவாரம் வரும், கடிதம் எனக்குத் தோன்றும்போது வரும். தொலைபேசியில் பேசலாம் என்றால் உன் அக்கா பிடுங்கிக்கொள்கிறாள்.

போன வருஷக் கதை உனக்குத் தெரியும். மேலே தோட்டங்களில் அடித்த களைக்கொல்லி மழையோடு ஏரிக்கு வந்தது. மதகை மூடினார்கள். மருந்து போய்விட்டதா என்று பார்க்க வெளியூருக்கு அனுப்பிய சோதனை முடிவு வர இரண்டு மாதம். அதுவரை ஊர் முழுக்க லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. உன் அக்கா முழங்கால் வலியோடு மூன்று மாடி குடம் தூக்கினாள். இந்த வருஷம் எத்தனை நாளில் திறக்கலாம் என்று உன் கணக்கு சொல்லப்போகிறது என்றதும் நீர்நிலையத்துப் பொறியாளர் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"உங்க மச்சினன் கணக்கு சரியா வருமா?"

"எண்ணு என்னுது, கணக்கு அவனுது. எண்ணுல தப்பு வராதும்மா. கணக்கைப் பத்தி அவங்க அக்காகிட்டதான் கேக்கணும்" என்றேன்.

பதினொரு வருஷமாக நீர்நிலையத்துக்காக இந்த ஏரியில் படகு ஓட்டுகிறேன். என் மானத்தைக் காப்பாற்று.

உன் அத்தான்


பிப்ரவரி 3

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் நான்கு புட்டிகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள். நம்பமாட்டாள், இருந்தாலும் சொல்லுங்கள். அவளுடைய முழங்கால் எப்படி இருக்கிறது? பயணச்சீட்டு முன்பதிவுச் சன்னலில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் முழங்கால் எப்படிச் சரியாகும்?

தட்டு எதற்கு, குழாய் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே செய்துவிட்டீர்கள். நானாகச் சொல்கிறேன். ஏரி பழுப்பாக இருப்பதை ஊரில் அழுக்கு என்கிறார்கள். அது அழுக்கு இல்லை, இலை. காட்டில் விழுந்த இலைகள் ஊறிக் கரைந்து வந்த சாறு. வெயில் பட்டதும் அந்தச் சாறு வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரம்கூட உயிரோடு இருக்காத முரட்டுத் துகள்களை உண்டாக்குகிறது. பக்கத்தில் எது கிடைத்தாலும் அவை கடித்து வைக்கும். களைக்கொல்லியையும் கடிக்கும். ஏரி தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வழி இது.

ஆனால் அதே சாறு வெளிச்சத்தைக் கீழே விடாமலும் தடுக்கிறது. மேலே வேலை மும்முரமாக நடக்கும், அடியில் இருட்டு. ஆகவே மருந்து எத்தனை நாளில் தீரும் என்பது வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. புட்டித் தண்ணீரை இங்கே கருவியில் வைத்துச் சாற்றின் பழுப்பை அளந்துவிடுவேன். ஆனால் அளப்பதற்கு முன் வடிகட்டுகிறேன், அதில் சேறு போய்விடும். சேறும் சாறும் சேர்ந்து வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கின்றன என்று சொல்வது உங்கள் தட்டு ஒன்றுதான். கருவியும் தட்டும் சண்டை போட்டால் நான் தட்டின் கட்சி.

உங்களைவிட நிதானமாக அளக்க யாராலும் முடியாது. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டுக் கதவின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து, "ஒரு விரக்கடை சாஞ்சிருக்கு" என்று அப்பாவிடம் சொன்னவர் நீங்கள். அப்பா மட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 27

மாப்பிள்ளைக்கு அத்தான் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நலம். உன் அக்காவின் முழங்கால் அவள் வாயைவிடக் கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

இந்த மாதத்து எண்கள்: இரண்டு, ஒன்று தொண்ணூறு, ஒன்று தொண்ணூறு, ஒன்று எண்பது. குழாய் நான்கு வாரமும் மூன்றாவதுதான். ஏரி கொஞ்சம் கலங்கிக்கொண்டு வருகிறது போலிருக்கிறது. காற்று அதிகம்.

வருடாந்தர உடல் சோதனை போன வாரம் முடிந்தது. ரத்த அழுத்தம், எடை எல்லாம் சரி. கண் பார்க்கும் அட்டையைக் கடைசி வரி வரை ஒப்பித்துவிட்டேன். பதினொரு வருஷமாக அதே அட்டை. படகுக்காரனுக்குக் கண் இல்லை என்றால் கரையில் கேட்டுக்குக் காவல் போட்டுவிடுவார்கள். நம் பம்ப் அறைப் பெரியவரை அப்படித்தான் உட்கார வைத்தார்கள். போகிற வருகிற லாரி எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் பக்கம் பார்க்காமல்தான் நான் கேட்டைத் தாண்டுகிறேன்.

படகு ஒருநாள் துறைக் கல்லில் இடித்துவிட்டது. முன்பக்கப் பலகை விரிசல். கல்லை யாரோ நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கு ஒன்றும் அடியில்லை. உன் அக்காவிடம் சொல்லாதே. அவள் ஒரு கேள்வி கேட்டால் அதற்குள் ஒன்பது கேள்வி இருக்கும்.

குளிர் எப்படி? காதுக்குத் துணி கட்டிக்கொள்.

அத்தான்


மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறேன். படகு இடித்ததைக் கேட்டுக் கவலையாக இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. உங்களுக்கு உண்மையிலேயே அடி இல்லையே?

ஒரு வினோதம். புட்டித் தண்ணீர் ஜனவரியில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. கருவி அப்படிச் சொல்கிறது, உங்கள் நிறக் குழாயும் அப்படியே சொல்கிறது. தட்டு மட்டும் வாராவாரம் மேலே ஏறி வந்துகொண்டிருக்கிறது. என் மேலாளர் பார்த்துவிட்டு, "அளக்கறவரு சரியா அளக்கறாரா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சூரியன் மேற்கே உதிச்சாலும் உதிக்கும், எங்க அத்தான் முடிச்சைத் தப்பா எண்ணமாட்டார்" என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துப் பார்த்ததில் ஒரே பதில்தான். நான் வடிகட்டும்போது போய்விடுகிற ஏதோ ஒன்று ஏரியில் கூடிக்கொண்டிருக்கிறது. மெல்லிய சேறு. நீங்களே காற்று அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கணக்கில் சேற்றுக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டேன். உங்கள் தட்டு சொல்லும் ஆழம் வரும்வரை சேற்றைக் கூட்டினேன். இப்போது கச்சிதமாகப் பொருந்துகிறது. மேலாளரும் வாயை மூடிக்கொண்டார்.

பார்சலில் வடிதாள்கள் வைத்திருக்கிறேன். வாராவாரம் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு தாளில் வடித்து, காயவைத்து அனுப்புங்கள். சேற்றை எடைபோட்டுப் பார்த்துவிடலாம். அவசரமில்லை. மழைக்கு முன் என்றால் போதும்.

அக்காவுக்கு என் அன்பு.

மாப்பிள்ளை


ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். நீ நலம்தானே? இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் சாயங்காலம் விளக்கு போதவில்லை. பல்பை மாற்றச் சொன்னேன். உன் அக்கா, "புது பல்புதாங்க, போன வாரம்தான் போட்டேன்" என்கிறாள்.

மழை ஆறாம் தேதி கொட்டித் தீர்த்தது. ஏழாம் தேதி மதகை மூடினார்கள். உன் கணக்கு நாற்பத்தொரு நாள் என்று சொன்னதைப் பொறியாளர் அம்மா பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார்கள். மே பதினெட்டு வரை லாரித் தண்ணீர். வரிசையில் நிற்கிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். முடிதிருத்துகிறவர் நேற்று வழிமறித்தார்.

"என்னங்க, உங்க மச்சினன் நாப்பத்தொரு நாளுன்னு ஜாதகம் கணிச்சிருக்காராமே?"

"ஜாதகம் இல்லய்யா, சூரியனை வச்சுப் போட்ட கணக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். உன் அக்கா வேலையிலிருந்து வந்ததும் இரண்டு குடம், காலையில் இரண்டு குடம். நான் தூக்குகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறாள். போன வாரம் படியில் கால் தவறி ஒரு குடத்தை உருட்டிவிட்டேன், அதிலிருந்து என்னை நம்புவதில்லை. இரண்டாவது மாடியில் கொஞ்சநேரம் நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். உன் கணக்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறாள்.

தட்டு இப்போது ஒன்று நாற்பது. மழைக்குப் பிறகு குழாய் நான்காவதுக்குப் போய்விட்டது. வடிதாள்கள் ஆறும் உள்ளே இருக்கின்றன.

அத்தான்


மே 2

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். இந்தக் கடிதத்தை நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

வடிதாள்கள் ஆறையும் எடைபோட்டேன். ஒன்றிலும் சேறு இல்லை. மழை வாரத்துத் தாளில் மட்டும் கொஞ்சம் இருந்தது, அடுத்த வாரமே அதுவும் அடங்கிவிட்டது. தாள்கள் சலவைத் துணிபோலச் சுத்தமாக இருக்கின்றன. இல்லாத சேற்றை நான் கணக்கில் போட்டிருக்கிறேன்.

சேற்றை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். இருபத்துநான்கு நாள் வருகிறது. அதாவது மதகை நேற்றே திறந்திருக்க வேண்டும்.

அப்படியானால் தட்டு ஏன் ஒன்று நாற்பதில் மறைகிறது? நான்கு நாளாக இதையே யோசிக்கிறேன். உங்கள் நிறக் குழாய் ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஏன் தப்பவில்லை என்று நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. குழாயையும் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். கண்ணில் மூட்டம் இருந்தால் அது இரண்டின் மேலும் ஒன்றாகத்தான் விழும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதில் மாற்றம் வராது. தட்டு அப்படியல்ல. ஆழத்தில் மங்கலாகத் தெரியும் ஒரு வெள்ளையைக் கண் தானாகப் பிடிக்க வேண்டும்.

உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். ஜனவரியில் ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு வரி எழுதினீர்கள். ஏப்ரலில் பன்னிரண்டு. எழுத்து அவ்வளவு பெரிதாகிவிட்டது. படகு இடித்தது, பல்பு, படியில் கால் தவறியது எல்லாவற்றையும் நான் படித்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை.

அத்தான், உங்களுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா? கோபப்படாமல் ஒரு வரி எழுதுங்கள். பொறியாளர் அம்மாவுக்கு நான் இன்னும் எழுதவில்லை. எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். உங்களைக் கேட்காமல் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை


மே 12

மாப்பிள்ளை,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது. படகுக்குப் புதுத் தார் பூசினோம். உன் அக்காவின் சன்னலுக்கு மின்விசிறி போட்டுவிட்டார்கள். துறைக்குப் பக்கத்தில் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது.

கடந்த மூன்று வாரத்துத் தட்டு: இரண்டு பத்து, இரண்டு பத்து, இரண்டு பத்து.

அத்தான்


மே 16

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

குழாய் நான்காவதாக இருக்கும்போது தட்டு இரண்டு பத்தில் மறையாது. மூன்று வாரமும் ஒரே எண்ணாக வராது. ஏரி அப்படி நடந்துகொள்ளாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் எண்கள்தான். இந்த மூன்றும் நீங்கள் அளந்தவை அல்ல.

எனக்கு இதுதான் தாங்கவில்லை. கடிதத்தில் நீங்கள் எத்தனையோ மறைத்தீர்கள். காற்று என்றீர்கள், கல் என்றீர்கள், பல்பு என்றீர்கள். ஆனால் தட்டு எண்ணில் ஒருநாளும் பொய் எழுதவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை, அது உங்களையே காட்டிக்கொடுக்கும் என்றாலும், அப்படியே எழுதினீர்கள். இப்போது முதல்முறையாகப் பொய் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் நான் கேட்டதால். இந்த எண் ஏப்ரலில் வந்திருந்தால் மருந்து தீருவதற்கு முன்பே மதகைத் திறக்கச் சொல்லியிருப்பேன். அக்கா அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருப்பாள்.

இன்று காலை பொறியாளர் அம்மாவுக்கு எழுதிவிட்டேன். கணக்கில் சேற்றைத் தவறாகச் சேர்த்தது நான், இருபத்துநான்கு நாள்தான் தேவைப்பட்டது, உடனே திறக்கலாம் என்று எழுதினேன். உங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அது பொய்யும் இல்லை. இல்லாத சேற்றைக் கூட்டியது நான்தானே.

அந்தக் கடிதம் வந்து சேரும்போது பதினெட்டாம் தேதி ஆகிவிடும். பலகையில் போட்ட நாளும் அதுவே. பதினேழு நாள் அக்கா வீணாகக் குடம் தூக்கியிருக்கிறாள். அதில் முக்கால்வாசி என் பயத்தால்.

கண் மருத்துவரிடம் போங்கள், அத்தான். காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

மாப்பிள்ளை


மே 27

அன்பு மாப்பிள்ளைக்கு,

இதை உன் அக்கா கண்ணில் படாமல், பக்கத்துத் தெருக் கம்பவுண்டர் வீட்டு மேசையில், சன்னலோரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இருந்தும் வரி கோணும். பொறுத்துக்கொள். நீ சௌக்கியமாக இரு. இதை மனதாரச் சொல்கிறேன்.

உன் கடிதம் பொறியாளர் அம்மாவுக்குப் பத்தொன்பதாம் தேதி வந்தது. மதகு முதல் நாளே திறந்தாகிவிட்டது. எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் படித்தார்கள். படித்து முடித்ததும், "பதினேழு நாள் ஊரே கஷ்டப்பட்டிருக்கு. அடுத்த வருஷம் இந்தக் கணக்கு நமக்கு வேண்டாம்" என்றார்கள். வடிகட்டும் அறைப் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எண் என்னுது, தப்பு வராது என்று அதே அறையில் சொன்ன வாய்தான் இது, திறக்கவில்லை.

வெளியே வந்தேன். துறை வரைக்கும் போனேன். என்னால் படகில் ஏற முடியவில்லை. நீ தலையைக் கொடுத்து என் தலையைக் காப்பாற்றியிருக்கிறாய், நான் அதை வாங்கிக்கொண்டு படகு ஓட்டப் போகிறேனா? வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை. திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"அம்மா, அவன் கணக்கு தப்பு இல்ல. ஜனவரியில இருந்து நான் குடுத்தது ஏரியோட எண்ணு இல்ல. என் கண்ணோட எண்ணு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அட்டையை மனப்பாடமாக ஒப்பித்ததையும் சொன்னேன். கடைசி மூன்று வாரத்து எண்கள் பொய் என்பதையும் சொன்னேன். அவர் உன் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு, "கண்ணு தெரியாம தனியா படகுல போயிட்டு வந்திருக்கீங்க. விழுந்திருந்தா நான் உங்க வீட்டுல போய் என்னன்னு சொல்றது?" என்று கேட்டார்கள். வேலையைப் பற்றி ஏதாவது திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன்.

மருத்துவரிடம் போனேன். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, அறுத்துச் சரிசெய்யலாம் என்கிறார். இடது கண்ணில் புரைக்குப் பின்னால் அழுத்தம். நரம்பு பாதி போய்விட்டது. போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். ஜனவரியில் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றார். உன் கடிதம் வந்த அன்றே போயிருந்தாலும் கொஞ்சம் மிஞ்சியிருக்குமாம். உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, நேரே அவள் சன்னலுக்குப் போய் வரிசையில் நின்று சொல்லப்போகிறேன். வரிசையில் ஆள் இருந்தால் அவள் சத்தம் போடமாட்டாள்.

அத்தான்


ஜூன் 15

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் உடம்பு நன்றாக இருக்கட்டும், நான் நேரில் வந்து அடிப்பதற்குத் தெம்பு வேண்டும்.

வரிசையில் நின்றுதான் சொன்னார். அவருக்குப் பின்னால் பதினாலு பேர். நான் சத்தம் போட்டேன். பதினாலு பேரும் கேட்டார்கள்.

குடம் தூக்கியதற்காக இல்லை. அது வருஷாவருஷம் தூக்குவதுதான். பத்தொன்பது வருஷமாக அந்த மனிதருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனக்குத் தெரியாதது எங்கேயோ இருக்கிற உன் கணக்குக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பல்பு புதுசு என்று நானே சொன்னேனாம், அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை பார். உனக்கு மே இரண்டாம் தேதி தெரியும். ஒரு போன் செய்ய உனக்கு என்ன கேடு? மரியாதையாம்! உங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குக் கண் தெரியவில்லை, இன்னொருவனுக்குத் தெரிந்தும் வாய் வரவில்லை. இனிமேல் அவருடைய உடம்பு சம்பந்தமாக எது தெரிந்தாலும் முதலில் எனக்குச் சொல். சத்தியமாகச் சொல்கிறேன், மறுபடி மறைத்தால் உன்னோடு பேசமாட்டேன்.

அறுவை சிகிச்சை இருபத்திரண்டாம் தேதி. வலது கண். எனக்குப் பயமாக இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

பொறியாளர் அம்மா வீட்டுக்கே வந்தார்கள். நல்லவர். கண் ஆறும்வரை ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் கேட்டில்தான் உட்கார வேண்டும் என்றார்கள், இவர் முகம் செத்துப்போனது. பிறகு, ஞாயிற்றுக்கிழமை அளக்கப் போகலாம், ஆனால் எப்போதும் படகில் இரண்டு பேர், தட்டைப் பார்ப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும், அதற்குச் சம்மதம் என்றால் துடுப்பும் கயிறும் அவரிடமே இருக்கலாம் என்றார்கள். ஆள் போட இரண்டு மாதம் ஆகுமாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதானே, நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் கணக்கையும் அடுத்த வருஷம் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

இன்றைக்குத்தான் முதல் தடவை போனோம். எனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது உனக்குத் தெரியும். பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ குறி போட்ட இடத்துக்கு அவர் எப்படிப் போனார் என்று கேட்காதே, காற்றையும் துடுப்பையும் வைத்துப் போய்விட்டார். தட்டை இறக்கினார். முடிச்சு ஒவ்வொன்றாக அவர் விரல் வழியாகப் போனது. பதின்மூன்றாவது முடிச்சில் நிறுத்தினார்.

"அவ்வளவுதான். போயிடுச்சு" என்றார், பழக்கத்தில்.

நான் எட்டிப் பார்த்தேன். தட்டு பளிச்சென்று இருந்தது. "எங்கங்க போச்சு? அதோ இருக்கே" என்றேன்.

இன்னொரு முடிச்சு விட்டார். "இப்ப?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது."

"நல்லா பாத்துச் சொல்லு."

"நல்லாதாங்க தெரியுது."

பதினாறு, பதினேழு. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் இறங்கிக்கொண்டே வந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் தம்பி. சொல்லவில்லை. பத்தொன்பதாவது முடிச்சில்தான் மறைந்தது. சொன்னேன். அவர் கயிற்றை இழுக்கவில்லை. பதின்மூன்றாவது முடிச்சு எங்கே இருக்கும் என்று கையால் தண்ணீருக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு இருந்துச்சா?" என்று கேட்டார்.

மூன்று வாரமாக வைத்திருந்த கோபத்தை நான் அப்போது தேடினேன், கிடைக்கவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "எடை, எடை! அந்தப் பக்கம் போடி!" என்று கத்தினார். நான் போகவில்லை.

ஒன்று தொண்ணூறு. நான் பார்த்தது, அவர் எண்ணியது. உன் கணக்கில் போட்டுக்கொள்.

அக்கா